தோற்ற அணியும் நான் கேட்ட கேள்விகளும்

பாதிக்கு மேல் காலியாகக் கிடந்த அந்தப் பார்வையாளர் மாடத்தில் நான் ஒருத்திதான் எழுந்து நின்று கை தட்டினேன். பந்து வலைக்குள் போனதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். வலது பக்கம் இருக்கும் வலையில்தான் நம் ஆட்கள் பந்தைப் போட வேண்டும் என்று ஆட்டம் தொடங்கும்போது என் வீட்டுக்காரரே எனக்குச் சொல்லியிருந்தார். அதனால் தட்டினேன். நாலைந்து தட்டுத் தட்டிய பிறகுதான் சுற்றிலும் வேறு சத்தமே இல்லை என்பது உறைத்தது. முன் வரிசையில் மேளத்தோடு உட்கார்ந்திருந்த மலாய்க்காரர் திரும்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இடைவேளைக்கு அப்புறம் ரெண்டு டீமும் பக்கம் மாறிடுவாங்க," என்றார் அவர். "இப்ப கோல் போட்டது அவங்க. நமக்கு விழுந்துச்சு."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் சத்தமாகவே சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மானம் போயிற்று, ஆனால் மானத்தைப் பற்றி நினைக்க நேரமில்லை. அந்த மனிதர் சிரித்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

அவர் ஒரு கப்பல் நிறுவனத்தில் இருந்தார். கப்பல் வந்து சேருவதற்கு முன்பே அதில் எந்தக் கொள்கலன் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று திட்டம் போடுகிற வேலை. தஞ்சோங் பகாரில் அலுவலகம். இருபத்தொன்பது வருடத் திருமண வாழ்க்கையில் அவருடைய கைத்தொலைபேசி அளவுக்கு நான் வேறு யாரையும் வெறுத்ததில்லை. பாரந்தூக்கி ஓட்டுகிறவர் கேட்பார், பெட்டிகளை அடுக்கும் யார்டில் இருப்பவர் கேட்பார், கப்பலில் இருந்து கேட்பார்கள். தீபாவளி அன்று தலையில் எண்ணெய் வழிய வழிய நின்று பதில் சொன்னவர் அவர். மகளின் கல்யாணத்தில் தாலி கட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, மண்டபத்தின் ஓரத்தில் போய் நின்று யாருக்கோ எண்களை ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஆட்குறைப்பு வந்தது. அவரோடு சேர்த்துப் பதினோரு பேர். நல்லபடியாகத்தான் அனுப்பினார்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. தொலைபேசி இரண்டு வாரம் வரை அவ்வப்போது அடித்தது, அப்புறம் நின்றுவிட்டது.

அவரும் நின்றுவிட்டார். குவீன்ஸ்டவுனில் எங்கள் வீடு பன்னிரண்டாவது மாடி. சன்னலுக்குப் பக்கத்தில் ஒரு சோபா. காலையில் நான் வேலைக்குப் புறப்படும்போது அதில் இருப்பார், மாலையில் திரும்பி வரும்போதும் அதில்தான் இருப்பார். நாளிதழ் வாங்கக்கூட மின்தூக்கியில் கீழே இறங்குவதில்லை. சண்டை போட்டுப் பார்த்தேன். நான் சண்டை போட்டால் அக்கம்பக்கத்துக் கதவுகள் சாத்திக்கொள்ளும், அவ்வளவு நல்ல குரல் எனக்கு. அவர் திருப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தெம்பனிஸில் இருக்கும் மகள் தினமும் பேசுவாள். "அம்மா, அப்பாவ அப்படியே விடாதீங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, லேட் பண்ணாதீங்க லா," என்பாள். கூட்டிக்கொண்டு போனேன். பலதுறை மருந்தகத்தில் ஒரு சின்னப் பெண், டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவருக்கு முன்பெல்லாம் என்ன பிடிக்கும் என்று கேட்டாள். என்ன பிடிக்கும்? கல்யாணத்துக்கு முன்னால் காற்பந்து, காற்பந்து என்று ஏதோ ஓர் உள்ளூர் அணியின் பின்னால் திரிந்தவர் என்று என் நாத்தனார் கேலி செய்தது நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னேன். வாரத்தில் ஒரு நாளாவது வீட்டை விட்டு வெளியே வந்துகொண்டிருக்கட்டும், விட்டுவிடாதீர்கள் என்றாள் அந்தப் பெண். அன்றிலிருந்து என் கவலை அந்த ஒரு நாள்தான்.

அந்த அணி இன்னும் உயிரோடுதான் இருந்தது, ஆனால் இழுத்துக்கொண்டிருந்தது. சொந்தத் திடலைப் பழுதுபார்க்கிறார்கள் என்று அந்த வருடம் முழுக்கத் தெம்பனிஸ் பக்கம் ஓர் இரவல் திடலில் ஆடினார்கள். சனிக்கிழமை மாலை ஆறு மணி ஆட்டம். நான் காற்பந்தை டிவியில்கூட முழுதாகப் பார்த்ததில்லை. மகள் வீட்டுக்குப் போகிற வழியில் என்று பொய் சொல்லித்தான் முதல் ஆட்டத்துக்கு அவரை இழுத்துப் போனேன். அன்றைக்குத்தான் கை தட்டினேன்.

திரும்பும்போது எம்ஆர்டியில் தெம்பனிஸில் ஏறியதிலிருந்து அவர் பேசிக்கொண்டே வந்தார். பக்கம் ஏன் மாற வேண்டும், ஒரு பக்கம் வெயில் கண்ணில் அடிக்கும், ஒரு பக்கம் காற்று எதிர்க்கும், அதனால் பாதி பாதி என்று விளக்கம். இந்த மேற்கூரைகளுக்கு நடுவில் வெயிலாவது காற்றாவது என்று எனக்கு வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். ரயில் தஞ்சோங் பகாரில் நின்றபோது மட்டும் பேச்சு நின்றது. கதவு மூடியதும் மறுபடி தொடங்கியது. வீட்டுக் கதவைத் திறக்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நான் ஏதாவது கேட்டால் இவர் பேசுவார். ஆகவே இந்த விளையாட்டில் நான் மக்காகவே இருந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்தப் பருவத்தில் எங்கள் அணி தோற்றதைப் பற்றி நான் நிறையச் சொல்லலாம். தோற்பதில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் பார்த்தோம். முதல் ஐந்து நிமிடத்திலேயே தோற்றோம். கடைசி நிமிடத்தில் தோற்றோம். எதிரணியில் ஒருவரை வெளியே அனுப்பிய பிறகும் தோற்றோம். தொடையில் வெள்ளைக் கட்டுப் போட்டுக்கொண்டு ஓடும் வயதான கேப்டன், பந்து தன் பக்கம் வந்தாலே முன்கூட்டியே தன் ஆட்களைத் திட்டத் தொடங்கும் கோல்கீப்பர், எல்லாரும் பார்க்க வரும் நூறு பேரையும் ஏமாற்றாமல் வாராவாரம் தோற்றார்கள். நூறு என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. இருக்கைகள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடக்கும். அப்படியும் எங்கள் ஆட்கள் கழிப்பறைக்குப் போகும்போது இருக்கையில் டிஷ்யூ பொட்டலத்தை வைத்து இடம் பிடித்துவிட்டுத்தான் போவார்கள். உணவங்காடிப் பழக்கம். யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்று நான் கேலி செய்வேன், பிறகு நானும் வைக்கத் தொடங்கினேன்.

நான் கேள்விகளைத் தயார் செய்துகொண்டு போவேன். கோல்கீப்பர் மட்டும் ஏன் வேறு நிறச் சட்டை? நடுவர் மேல் பட்டுப் பந்து உள்ளே போனால் கோலா? கோட்டின் மேல் நின்றால் உள்ளேயா வெளியேயா? அவர் பொறுமையாகச் சொல்வார். ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேட்டபோது, வாங்கி வந்திருந்த கச்சாங் பூத்தே பொட்டலத்தைப் பிரித்து, பக்கத்து இருக்கையில் கடலைகளைப் பரப்பினார். வறுத்த கடலை எல்லாம் நம் ஆட்கள், சர்க்கரைக் கடலை எல்லாம் எதிரணி. "நம்ம ஆளு இவன், அவங்க கடைசி ஆளுக்கும் பின்னாடி நிக்கிறான் பாரு, இது ஆஃப்சைடு. பந்து காலை விட்டுக் கிளம்புற நேரத்துல எங்க நிக்கிறான்கிறதுதான் கணக்கு," என்று விரலால் நகர்த்தி நகர்த்திக் காட்டினார். அதற்குள் எங்களுக்கு இன்னொரு கோல் விழுந்துவிட்டது, நாங்கள் இரண்டு பேரும் பார்க்கவில்லை.

ஆனால் ஒரு விஷயம். தெரியாத மாதிரி நடிக்க வேண்டுமென்றால் தெரிந்திருக்க வேண்டும். சிராங்கூன் சாலைக்குப் பின்புறம் ஒரு பல் மருத்துவமனையில் நான் முன் மேசையில் வேலை பார்க்கிறேன். மதிய இடைவேளையில் பின் அறையில் தயிர்ச்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தொலைபேசியில் காற்பந்து விளக்கங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். இந்த வாரம் எதைக் கேட்கலாம் என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன். பார்க்கப் பார்க்க எனக்கே பிடித்துப்போய்விட்டது. பருவம் பாதி முடிவதற்குள் எங்கள் அணி ஏன் தோற்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தற்காப்பு வரிசையில் ஆறாம் எண் ஒருவன் மற்ற மூவரோடு சேர்ந்து ஏறுவதே இல்லை, பின்னாலேயே தங்கிவிடுவான். அவனால் எதிரணிக்கு ஆஃப்சைடே விழாது. இதைச் சொல்ல எனக்கு நாக்கு அரித்துக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு, "ஏங்க, கார்னர்னா என்ன?" என்று கேட்பேன்.

ஒரு சனிக்கிழமை ஏழு கோல் விழுந்தது. அதில் ஒன்றை எங்கள் ஆளே, அதே ஆறாம் எண், எங்கள் வலைக்குள் தலையால் முட்டிப் போட்டான். அன்று அவர் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. வாரம் முழுக்க மறுபடி அந்தச் சோபா. தோற்கிற கூட்டத்தோடு கொண்டுபோய் இவரைச் சேர்த்துவிட்டேனே என்று என்னையே நொந்துகொண்டேன். வேலை முடிந்து கோவிலுக்குப் போய் அம்மனிடம் நின்றேன். ஜெயிக்க வை என்று கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. ஒரு டிராவாவது கொடு தாயே, இந்த மனிதர் சனிக்கிழமை செருப்பை மாட்டட்டும் என்று கேட்டேன்.

டிரா கிடைக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை மூன்று மணிக்கே அவர் சட்டையை மாற்றிக்கொண்டு தயாராக நின்றார். திடலில் ஆட்டக்காரர்கள் வெளியே வந்தபோது என் முழங்கையைத் தொட்டு, "அவனும் வந்திருக்கான் பாரு," என்றார். யார் என்று பார்த்தேன். ஆறாம் எண். போன வாரம் தன் வலையிலேயே கோல் போட்டவன், அதே இடத்தில் போய் நின்று காலை உதறிக்கொண்டிருந்தான். ஜெயிக்கிற அணியின் கொண்டாட்டத்துக்கு நடுவில் இவரைக் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தால் இரண்டாம் வாரமே எழுந்து வந்திருப்பார் என்று எனக்கு அப்போது தோன்றியது. இங்கே யாரும் அவரைச் சந்தோஷமாக இரு என்று சொல்லவில்லை. தோற்றவர்கள் அடுத்த வாரமும் வந்து நின்றார்கள், இவரும் வந்து உட்கார்ந்தார். எனக்கு அந்த ஆறாம் எண் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. முழுக்கக் குறையவில்லை.

பருவம் முடிய மூன்று ஆட்டம் இருக்கும்போது மேளக்காரர் ஒரு செய்தி கொண்டுவந்தார். டாக்சி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். எங்களோடு ஆங்கிலத்தில் பேசுவார், நடுநடுவே எங்கிருந்தோ கற்றுக்கொண்ட தமிழ். "நெக்ஸ்ட் இயர் நோ டீம், மேபி," என்றார். அடுத்த வருடம் இந்த அணி போட்டியில் இருக்குமா என்பதே சந்தேகமாம். அணி இருந்தாலும் நடுவில் மாதக் கணக்கில் ஆட்டமில்லை, இல்லாமலே போனால்? மனசுக்குள் சோபாதான் வந்து நின்றது. நான் என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தேன். அவர் கச்சாங் பூத்தேயைக் கொறித்துக்கொண்டு திடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி ஆட்டம் பட்டியலில் எங்களுக்கு ஒரு படி மேலே இருந்த அணியோடு. அதிசயமாக ஆளுக்கு ஒரு கோல். ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தால் போதும், டிரா. மேளம் நிற்கவே இல்லை. நானும் எழுந்து நின்றுவிட்டேன். எதிரணிக்காரன் நடுத் திடலில் பந்தை எடுத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தான். எங்கள் மூன்று பேர் ஏறினார்கள். ஆறாம் எண் ஏறவில்லை.

என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"ஏறுடா! ஆறு, நீ ஏறு! அவன ஆன்சைடுல விட்டுட்டு நிக்கிறியே! லைனோட ஏறு!"

சண்டைக்கு என்றே வளர்த்த குரல், அரங்கம் முழுக்கக் கேட்டது. மேளம் நின்றது. பந்து அவன் விட்ட இடைவெளி வழியாகவே போனது, அந்த ஆள் தனியாக ஓடினான், வலைக்குள் போட்டான். கோட்டு நடுவரின் கொடி ஏறவில்லை. ஏறாது என்று எனக்குத் தெரியும்.

மேளக்காரர் திரும்பி, "ஆன்ட்டி, கோச் வேலை காலி இருக்கு லா," என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. திடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்து எங்கள் ஆட்கள் ஓரத்துக்கு வந்து கை தட்டியபோது அவரும் எழுந்து நின்று தட்டினார்.

ரயிலில் எதிரெதிரே உட்கார இடம் கிடைத்தது. நான் தலை குனிந்திருந்தேன். ஒரு பருவம் முழுக்க ஒரு மனிதரைக் குழந்தை மாதிரி வைத்து ஏமாற்றியிருக்கிறேன். அவர் கடலையைப் பரப்பிப் பரப்பி விளக்கியபோது நான் விடையைத் தெரிந்து வைத்துக்கொண்டு தலையாட்டியிருக்கிறேன். வேலை போனபோது இருந்ததைவிடப் பெரிய அவமானத்தை நான் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். தஞ்சோங் பகாரில் கதவு திறந்தது. அவர் வெளியே பார்த்தார். கதவு மூடியது. எனக்கு அழுகை வந்தது, பையைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

குவீன்ஸ்டவுனில் இறங்கியதும் அவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடைக்குள் போனார். அவருக்குப் பால் இல்லாத கோப்பி-ஓ, எனக்குத் தேநீர். வந்து வைத்த பிறகும் கொஞ்ச நேரம் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"நீ சொன்னது கரெக்ட்," என்றார். "அவன் ஏறியிருந்தா ஆஃப்சைடு."

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்கு எப்பவோ தெரியும்."

"எப்பவோன்னா?"

"ஆஃப்சைட மூணு தடவ கேட்ட. நீ எதையும் ஒரு தடவ கேட்டா மறக்கிற ஆளா? கல்யாணத்தன்னைக்கு எங்க அக்கா சொன்னத இன்னி வரைக்கும் சொல்லிக் காட்டுற."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "தெரிஞ்சும் ஏன் சொல்லிட்டே இருந்தீங்க?"

அவர் கோப்பியை ஒரு வாய் குடித்தார்.

"வேலையில இருந்தப்ப ஒரு நாளைக்கு நூறு பேரு கேப்பாங்க. இத எங்க வைக்கிறது, அத எப்ப எடுக்கிறதுன்னு. நான் சொன்னாத்தான் பெட்டி நகரும். அப்புறம் ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. பொண்ணு கேக்குறா, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. அவ்வளவுதான்." கோப்பையைத் தட்டில் வைத்தார். "நீ ஒருத்திதான் கேட்ட. பொய்யா கேட்டா என்ன, கேட்டியே."

பக்கத்து மேசையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அந்தத் தொலைபேசியை நான் வெறுத்த வெறுப்பெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எத்தனை முறை அதைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டு மூடியிருக்கிறேன். அதன் அந்தப் பக்கம் இருந்தவர்கள் இவரிடம் என்ன கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

"அடுத்த சனிக்கிழம மேட்ச் இல்ல," என்றேன்.

"ஆமா, இல்ல."

"ஏங்க, ஒரு கப்பல்ல முதல்ல எந்தப் பெட்டிய ஏத்துவீங்க?"

அவர் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார். இதுவும் அந்த மாதிரிக் கேள்வியா என்று தேடுகிறார் என்று புரிந்தது.

"நெசமாத்தான் கேக்குறியா?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

அவர் கோப்பையை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேசையின் ஈரத்தைக் கையாலேயே துடைத்து இடம் பண்ணிக்கொண்டார். "கடைசியா எந்த ஊர்ல இறக்கணுமோ அந்தப் பெட்டி," என்று தொடங்கினார். "அது அடியில போகணும். ஆனா கனமும் பாக்கணும்." விரலால் மேசையில் ஒரு கப்பலை வரைந்தார். அந்த மனிதருக்கு இருபத்தொன்பது வருடம் சோறு போட்டிருக்கிறேன், இதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.